ஈயும் எறும்பும் எப்படி மோனை ஆகும்?

ஒயிட்ஃபீல்டு பக்கம் எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சில பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் மோனை, எதுகை. சொற்களின் முதலெழுத்து ஒத்து வந்தால் மோனை, 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' மாதிரி. இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை, 'ஆடிப் பட்டம் தேடி விதை' மாதிரி. இதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை. அப்புறம் 'ஈ எறும்பு' என்பதும் மோனைதான் என்றேன், ஆறாவது படிக்கும் பெண் ஒருத்தி உடனே கையைத் தூக்கினாள். "ஆன்ட்டி, ஈ வேற எழுத்து, எ வேற எழுத்து. இது எப்படி மோனை?"

யாப்பிலக்கணத்தில் இதற்கு ஒரு பட்டியல் உண்டு. அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்யில் ச-த, ஞ-ந, ம-வ என்று மூன்று ஜோடி. இனத்துக்குள் எது எதோடு சேர்ந்தாலும் மோனை. நான் இதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மார்க் வாங்கியவள், ஆனால் யார் இவற்றை உறவு சேர்த்தார்கள், எதை வைத்துச் சேர்த்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தக் குழந்தை கேட்டுவிட்டாள்.

பதில் வாயில் இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று 'ஈ' என்று நீட்டிக்கொண்டே, குரலை நிறுத்தாமல், 'ஏ'வுக்குப் போங்கள். தாடை கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். நாக்கு முன்பக்கமே நிற்கும். 'ஊ'விலிருந்து 'ஓ'வுக்குப் போனாலும் அப்படித்தான், உதட்டுக் குவிப்பு கலையாது. இப்போது 'ஈ'யிலிருந்து 'ஊ'வுக்குப் போய்ப் பாருங்கள். நாக்கு பின்னால் ஓட வேண்டும், உதடு குவிய வேண்டும், முகமே மாறிவிடுகிறது.

குழாயடியில் குடம் நிரம்பும் சத்தத்தைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே காற்றுக்கு இடம் குறையக் குறைய ஒலி ஏறிக்கொண்டே போகும். வாயும் ஒரு குடம்தான், ஆனால் நாக்கு அதை முன்னறை, பின்னறை என்று பிரித்துவிடுவதால் ஒரே நேரத்தில் பல ஒத்ததிர்வுகள், அதாவது வாயின் வடிவம் எடுப்பாக்கிக் காட்டும் ஒலிகள், எழுகின்றன. உயிரெழுத்தை அடையாளம் காணக் காதுக்கு முதல் இரண்டுமே பெரும்பாலும் போதும். முதலாவது, வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்லும். இரண்டாவது, நாக்கு முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா, உதடு குவிந்ததா என்பதைச் சொல்லும். வளர்ந்த ஆண் குரலில் 'ஈ'க்கு முதலாவது ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸ், இரண்டாவது 2000-க்கு மேல். 'ஊ'வுக்கும் முதலாவது அதே 300 பக்கம்தான், இரண்டாவதோ 1000-க்குக் கீழே இறங்கிவிடும். 'ஏ'வில் முதலாவது ஏறும், இரண்டாவது உயரத்திலேயே நிற்கும். 'ஆ'வின் இரண்டாவது, 'ஈ'க்கும் 'ஊ'வுக்கும் நடுவில்.

அதாவது மோனையின் மூன்று இனங்களும் இந்த இரண்டாவது ஒத்ததிர்வை வைத்துப் பிரிந்திருக்கின்றன. உயரமானது ஓர் இனம், நடுத்தரம் ஓர் இனம், தாழ்ந்தது ஓர் இனம். அளக்க ஒரு கருவியும் இல்லாத காலத்தில், காதாலும் நாக்காலும் பிரித்திருக்கிறார்கள்! எனக்கு இது தெரிந்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

சரி, ஐ, ஔ இரண்டும் ஏன் அகரத்தோடு? எழுத்துகள் வாயில் எங்கே, எப்படிப் பிறக்கின்றன என்று சொல்லும் தொல்காப்பியப் பகுதியான பிறப்பியல் ஐகாரத்தை இ, ஈ, எ, ஏ கூட்டத்திலும், ஔகாரத்தை உதடு குவியும் கூட்டத்திலும்தான் வைக்கிறது. முரண்பாடு போலத் தோன்றும். 'ஐ'யை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். வாய் அகரத்தில் திறந்து இகரத்தில் போய் முடிகிறது. 'ஔ' அகரத்தில் திறந்து உகரத்தில் முடிகிறது. பிறப்பியல் கூட்டம் சேர்ந்தது முடிகிற இடத்தால், மோனை இனம் சேர்ந்தது தொடங்குகிற இடத்தால் என்று எடுத்துக்கொண்டால் முரண் தீர்ந்துவிடுகிறது. மோனையே தொடக்கத்தின் ஒற்றுமைதானே.

வீட்டில் பேசும்போதும் நம் நாக்கு இந்த எல்லைகளுக்குள்தான் வழுக்குகிறது. இலையை 'எலை' என்கிறோம், இடத்தை 'எடம்', உடம்பை 'ஒடம்பு', குடத்தை 'கொடம்'. ஆனால் இடியை யாரும் 'எடி' என்பதில்லை, குடி 'கொடி' ஆவதில்லை. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால், அதற்கு வாயைத் திறக்கத் தயாராகும் தாடை ஒரு நொடி முந்திக்கொண்டு இறங்கிவிடுகிறது, அதனால் இ எ ஆகிறது, உ ஒ ஆகிறது. பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சந்தோஷம் உண்டு. கன்னடத்தில் இலைக்கு எழுத்திலேயே 'எலெ', குடத்துக்கு 'கொட'. நாம் பேச்சில் மட்டும் வைத்திருப்பதை அவர்கள் எழுத்திலும் வைத்திருக்கிறார்கள். 'எலை' என்று எழுதிய பிள்ளையின் நோட்டில் நானும் சிவப்பு மையால் அடித்துத் திருத்தத்தான் செய்கிறேன், ஆனால் அது சோம்பேறித்தனம் என்று இனி சொல்லமாட்டேன்.

பெயரின் முதலெழுத்துக்கு ராசி பார்த்துப் பணம் வாங்குகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், எழுத்துக்குள் கிரகம் இருக்கிறது என்று செய்தி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குக் கோபமே வருகிறது. முதலெழுத்தில் நிஜமாகவே இருக்கும் அதிசயத்தை யாரும் பிள்ளைகளுக்குக் காட்டுவதில்லை. பெங்களூர், மும்பை, தில்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்து அளக்கப் பெரிய செலவில்லை. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான 'பிராட்' என்ற மென்பொருள் இலவசம், ஒரு மைக்கும் கணினியும் போதும். மொழிக்கென்று ஒதுக்கும் பணத்தில் விழாப் பந்தலுக்குப் போவதில் ஒரு பங்காவது இதற்கு வரவேண்டும் என்று நினைக்கிறேன்.

மெய்யெழுத்து ஜோடிகளுக்கும் சாட்சி பேச்சுதான். படித்தேன் 'படிச்சேன்' ஆகிறது: த, ச. ஐந்து 'அஞ்சு' ஆகிறது: ந, ஞ, அதே சொல்லில் ஐ அகரமாவதையும் பார்க்கலாம். நாம் நண்டு என்பதை மலையாளத்தில் 'ஞண்டு' என்கிறார்கள். விழுங்கு 'முழுங்கு' ஆகிறது, கிராமத்தில் வானம் 'மானம்' ஆகிறது: வ, ம. இரண்டுக்கும் உதடு வேண்டும். உயிர்மெய்யாக வந்தால் மெய்யும் இனமாக இருக்கவேண்டும், உயிரும் இனமாக இருக்கவேண்டும். 'மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்' என்பதில் ம-வ பொருந்துகிறது, அ-ஐ பொருந்துகிறது.

இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அந்தப் பெண் தன் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்போ தயிர் சாதம்?" என்றாள். த-ச, அ-ஆ. மோனைதான்.