ஹாப்ஸின் கசப்பைத் தாண்டும் பாக்டீரியா

சென்னை மே மாத வெக்கையில் காலையில் அரைத்த இட்லி மாவு சாயங்காலத்துக்குள் பொங்கிவிடும். அதைப் புளிக்க வைப்பவை லேக்டிக் அமில பாக்டீரியாக்கள், முக்கியமாக லியூகோனோஸ்டாக். அதன் சொந்தக்காரர்களான லேக்டோபேசில்லஸும் பீடியோகாக்கஸும்தான் பீரையும் புளிக்க வைக்கின்றன.

பீரில் நுழைந்து பிழைப்பது லேசல்ல. ஆல்கஹால் உண்டு, ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை, பிஎச் (குறையக் குறையப் புளிப்பு கூடும் அளவு) 4-ஐ ஒட்டி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல் ஹாப்ஸ். வோர்ட் எனப்படும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றில் இந்தப் பூவைப் போட்டுக் கொதிக்க வைக்கும்போது ஐசோ ஆல்ஃபா அமிலங்கள் உருவாகின்றன. பீரின் கசப்பு அவைதான். அதன் காவலும் அவைதான். பாக்டீரியா தன் சவ்வுக்கு வெளியே ஹைட்ரஜன் அயனிகளைக் கூடுதலாகவும் உள்ளே குறைவாகவும் வைத்திருக்கும். அந்த வித்தியாசத்தின் வேகத்தில்தான் பல சத்துகளை உள்ளே இழுக்கிறது. ஹாப்ஸ் அமிலம் சவ்வைக் கடந்துபோய் அயனியை உள்ளே இறக்கிவிடுகிறது. வித்தியாசம் போய்விட்டால், சுற்றிலும் சர்க்கரை இருந்தாலும் செல் பட்டினிதான்.

ஆனால் லேக்டோபேசில்லஸ் பிரெவிஸின் சில வகைகள் இதற்கும் அசைவதில்லை. ஹோர்ஏ என்ற மரபணு தரும் புரதம், உள்ளே வந்த ஹாப்ஸ் அமிலத்தைப் பம்ப் போல வெளியே தள்ளிவிடுகிறது. அந்த மரபணு இருப்பது பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில். பிளாஸ்மிட்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியவை. எனக்கு இதில் மிகவும் வியப்பான இடம் இதுதான். பீடியோகாக்கஸ் வந்தால் புளிப்போடு டையசெட்டிலின் வெண்ணெய் வாசனையும் சேரும். சில வகைகள் பீரையே கொழகொழப்பாக்கிவிடும்.

சரி, புளிப்பு வேண்டும் என்றே காய்ச்சுபவர்கள்? பெர்லினர் வைஸ என்ற ஜெர்மன் புளிப்பு பீர் போன்றவற்றுக்கு இன்று பலர் செய்வது, வரிசையை மாற்றுவதுதான். ஹாப்ஸ் போடாத வோர்ட்டில் லேக்டோபேசில்லஸைச் சேர்த்து 35 முதல் 45 டிகிரியில் ஓரிரு நாள் விடுகிறார்கள். பிஎச் 3.3 வாக்கில் இறங்கியதும் கொதிக்க வைத்து பாக்டீரியாவைக் கொன்று, அப்புறம்தான் ஹாப்ஸும் ஈஸ்டும். அந்தச் சூட்டை ஐரோப்பாவில் அடுப்பு வைத்துக் காக்க வேண்டும்; சென்னைக் கோடையில் பகல் பாதி வேலையைப் பார்த்துவிடும்.

பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் பீர் மட்டும் நம் ஊருக்கு ஒத்துவராது. அங்கே வோர்ட்டைத் திறந்த தொட்டியில் இரவு முழுக்க ஆறவிட்டு, காற்றிலும் ஆலையிலும் உள்ள நுண்ணுயிர்களை அப்படியே ஏற்கிறார்கள். வெயில் காலத்தில் வேண்டாத பாக்டீரியா முந்திக்கொள்ளும் என்பதால் ஏறக்குறைய அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் காய்ச்சுவார்கள். அதற்கு வேண்டிய இரவுக் குளிர் சென்னையில் மார்கழியிலும் கிடையாது.