கவனன்ட்: ஒப்பந்தமா, உடன்படிக்கையா?

மனித உரிமை பற்றி எழுதும்போது ‘கவனன்ட்’ (covenant) என்ற ஆங்கிலச் சொல்லை ‘ஒப்பந்தம்’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். ‘உடன்படிக்கை’ என்பதே சரி.

‘கூடி வருதல்’ என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. ஆனால் அதற்குக் கனம் தந்தது யூதர்களின் எபிரேய வேதத்தில் உடன்படிக்கையைக் குறிக்கும் ‘பெரித்’ என்ற சொல். எபிரேயத்தில் உடன்படிக்கையை ‘வெட்டுவார்கள்’. விவிலியத்தின் ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில், கடவுள் தன்னோடு உடன்படிக்கை செய்யும்போது, ஆபிராம் கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா மூன்றையும் நடுவே துண்டித்து எதிரெதிராக வைக்கிறார். இருட்டிய பிறகு புகைகிற சூளையும் தீப்பந்தமும் அந்தத் துண்டங்களின் நடுவே கடந்து போகின்றன. வாக்குத் தவறியவனுக்கும் அதே கதி என்பதை எரேமியா 34ஆம் அதிகாரம் சொல்கிறது.

அரசியலுக்கு இன்னும் நெருக்கமான காட்சி எப்ரோனில் நடக்கிறது: தாவீது இஸ்ரயேலின் மூப்பர்களோடு உடன்படிக்கை செய்கிறார், அதன் பிறகே அவர்கள் அவரை அரசராக அபிஷேகம் செய்கிறார்கள். அப்படியானால் அரசனும் கட்டுப்பட்டவன்தானே! 1579இல் பிரெஞ்சு புராட்டஸ்டன்டுகளிடமிருந்து வந்த ஒரு நூல் இதைத்தான் வாதிட்டது: வாக்கை மீறிய மன்னனை எதிர்க்கலாம். 1620இல் மேஃபிளவர் கப்பலில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர்கள் கடவுள் முன்னிலையில் உடன்பட்டு ஓர் அரசியல் சமூகமாகத் தங்களைப் பிணைத்துக்கொண்டார்கள். 1638இல் எடின்பரோவில் ஸ்காட்லாந்துக்காரர்கள், மன்னர் முதலாம் சார்லஸ் திணித்த வழிபாட்டு முறையை எதிர்த்துத் தேசிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள்.

ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ் 1651இல் இதே சொல்லை எடுத்துக்கொண்டு, மனிதர் தமக்குள் செய்துகொள்வதாக மாற்றினார். இரு சொல்லுக்குமான வேறுபாட்டை அவரே வரையறுக்கிறார்: உரிமைகளை ஒருவருக்கொருவர் கைமாற்றுவது ஒப்பந்தம், அதில் ஒருவர் தன் பங்கைப் பின்னர் நிறைவேற்றுவார் என்று நம்பி விடுவது உடன்படிக்கை. அவருக்குப் பின் வந்த தத்துவவாதி ஜான் லாக் கடவுளை விடவில்லை. மனிதர் எல்லாரும் கடவுளின் படைப்பு, ஆகவே ஒருவர் மற்றவரின் உயிருக்கோ உடைமைக்கோ தீங்கு செய்யக் கூடாது என்றார். தத்துவவாதி ரூசோ 1762இல் எழுதிய நூலுக்குச் ‘சமூக ஒப்பந்தம்’ என்பதே பொருந்தும். அவர் சொன்னது ஒப்பந்தத்தைக் குறிக்கும் பிரெஞ்சு ‘கொந்த்ரா’.

தமிழில் நமக்குப் பழைய சொல் இருக்கிறது. உள்ளம் ஒத்துப்போவதைக் குறள் 890 ‘உடம்பாடு’ என்கிறது. தமிழ் விவிலியமும் பெரித்தை உடன்படிக்கை என்றே தருகிறது. வாடகைக்கும் வேலைக்கும் எழுதுவதை ஒப்பந்தம் என்போம். 1966இல் ஐ.நா. ஏற்ற இரு உரிமை ஆவணங்களை உடன்படிக்கை என்போம். இலங்கையில் வழங்கும் ‘சமவாயம்’ என்ற சொல்லும் நல்லதே.