ஹனிபாட்: தமிழில் ‘பார்வைமான்’

சர்வர்களை, அதாவது மற்றக் கணினிகளுக்குச் சேவை தரும் கணினிகளைக் காக்கும் வேலையில் இருப்பவர்கள் வாயில் ‘ஹனிபாட்’ என்ற சொல் அடிக்கடி வரும். யாருக்கும் எந்தச் சேவையும் தராமல், ஊடுருவ வருபவர் கை வைக்கட்டும் என்றே விட்டுவைக்கும் போலி சர்வர் அது. நேர்ப்பொருள் தேன்குடம். உளவுத்துறையில் காதல் காட்டி ரகசியம் கறப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான்.

பெயர் பரவும் முன்பே வேலை நடந்துவிட்டது. 1986-இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கணினிக் கட்டணக் கணக்கு 75 சென்ட் இடித்தது. அதைத் துருவிய வானியலாளர் கிளிஃப் ஸ்டால், வெளியாள் ஒருவர் உள்ளே புகுந்து ராணுவக் கோப்புகளைத் தேடுவதைக் கண்டார். மறு ஆண்டு, அமெரிக்காவின் ‘நட்சத்திரப் போர்’ ஏவுகணைத் தடுப்புத் திட்டம் பற்றியவை போலப் பொய்க் கோப்புகளை எழுதி வைத்தார். அவற்றைப் படிக்க அந்த ஆள் நெடுநேரம் இணைப்பிலேயே இருக்க, தொலைபேசித் தடம் மேற்கு ஜெர்மனியின் ஹனோவரில் மார்க்கஸ் ஹெஸ் என்பவரிடம் போய் நின்றது.

சரி, ஹனிபாட் எப்படி ஆளைப் பிடிக்கிறது? நிமிடத்துக்கு ஆயிரம் போர்ட்டை, அதாவது சர்வரின் எண்ணிட்ட வாசல்களைத் தட்டினால் எச்சரிக்கை மணி அடித்துவிடும். அதனால் கெட்டிக்காரர்கள் மணிக்கு ஒன்று என்று மெதுவாகத் தட்டுவார்கள். வேலை நடக்கும் சர்வரின் கூட்டத்தில் அது கரைந்துபோகும். ஹனிபாட்டிலோ யாருக்கும் வேலையே இல்லை. ஒரே ஒரு தட்டல் போதும். பதிவில் ‘போர்ட் 22, பயனர் ரூட், கடவுச்சொல் 123456’ என்று ஒரு வரி: முழு அதிகாரமுள்ள ‘ரூட்’ கணக்கில் யாரோ நுழையப் பார்த்திருக்கிறார். வெளியிலிருந்து வந்தால் அன்றாட இரைச்சல். அதுவே நம் அலுவலக பிரிண்ட் சர்வரின் முகவரியிலிருந்து வந்திருந்தால், அந்த சர்வர் பெரும்பாலும் ஏற்கெனவே அடுத்தவர் கைக்குப் போயிருக்கும். எனக்கு இதன் பெரிய பயனே இந்த இரண்டாவதுதான்.

தமிழுக்கு வருவோம். ‘தேன்பானை’ என்று பெயர்த்தால் பொறி என்ற எண்ணமே வராது. நம்மிடம் அச்சாக ஒரு சொல் இருக்கிறது: பார்வை. காட்டு மானை ஈர்க்க வேட்டுவர் பழக்கி வைத்த மானுக்குச் சங்க காலத்தில் அதுதான் பெயர். ‘பார்வை மடப்பிணை’ என்கிறது புறநானூறு 320. வேட்டுவன் அயர்ந்து தூங்க, கலைமான் ஒன்று வந்து அந்தப் பிணையோடு, அதாவது பெண்மானோடு, விளையாடுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் ‘பார்வை யாத்த பறைதாள் விளவின்’ என்று ஒரு அடி: பார்வைமானைக் கட்டிக் கட்டித் தேய்ந்துபோன விளாமரத்தின் அடி.

அந்த ‘யாத்த’, அதாவது கட்டிய, என்ற சொல்லைக் கவனியுங்கள். ஹனிபாட்டையும் கட்டித்தான் வைக்க வேண்டும். மற்ற சர்வர்களுக்குப் போகும் வழியை அடைக்காமல் விட்டால், புகுந்தவர் அதையே படியாக்கி அடுத்த வீட்டுக்கு ஏறிவிடுவார்.

‘பார்வை’ என்று மட்டும் எழுதினால் இன்று கண்பார்வை என்றே படிப்பார்கள். ஆகவே ‘பார்வைமான்’ என்று முழுதாக எழுதலாம். சர்வர் என்று சுட்ட வேண்டிய இடத்தில் ‘பார்வைமான் வழங்கி’.