ஆளுமை: சொல் விளக்கம்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ "ஆளுமை விருத்தி வகுப்பு" என்ற அறிவித்தலைப் பார்ப்பவர், கூச்சமில்லாமல் மேடையில் பேசவும் நேர்முகப் பரீட்சையில் தடுமாறாமல் பதில் சொல்லவும் பழக்குவார்கள் என்று எதிர்பார்ப்பார். நூல் வெளியீட்டு விழாவில் ஒருவரை "பேராளுமை" என்று அழைத்தால் அவர் சாதனையாளர். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கோ உளவளத்துணைக் கற்கைக்கோ வருபவர்கள் இந்த இரண்டு பொருளையும் மனதில் வைத்துக்கொண்டுதான் உளவியல் பாடத்தைத் தொடங்குகிறார்கள். பாடத்தில் இருப்பதோ மூன்றாவது பொருள். அங்கே ஆளுமை ஒரு தகுதி அல்ல. வாய் திறக்கத் தயங்குபவருக்கும் அது உண்டு, சபையை ஆட்டிவைப்பவருக்கும் உண்டு. "அவருக்கு ஆளுமை இல்லை" என்ற வாக்கியத்துக்கு உளவியலில் பொருளே கிடையாது.

குழப்பம் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. ஆள் பெயர்ச்சொல்லாக வந்தால் மனிதர். அடையாள அட்டை தரும் ஆட்பதிவுத் திணைக்களத்தின் பெயரில் இருப்பது அந்த ஆள். வினையாக வந்தால் ஆட்சி செய்தல். ஆளுநர் அதிலிருந்து வருகிறார். பழைய புணர்ச்சி முறைப்படி ஆள் என்பதோடு மை சேர்ந்தால் ஆண்மை. குறளின் தாளாண்மை, இல்லாண்மை எல்லாவற்றிலும் இருப்பது இந்த ஆளும் தன்மைதான். பிற்காலத்தில் ஆண்மை என்றாலே ஆண்பாலுக்கு உரியது என்ற எண்ணம் படிந்துவிட்டது. ஆளுமை என்ற வடிவத்தில் அந்தச் சாயல் இல்லை, பெண்ணுக்கும் குழந்தைக்கும் தயக்கமின்றிப் பொருந்துகிறது. சிங்கள வழியில் படிப்பவர்கள் சொல்லும் "பௌருஷய", புருஷ என்ற வேரிலிருந்து வந்தது. இரு மொழிக் குறிப்புகளையும் வைத்துப் படிப்பவர்கள் இதைக் கவனித்தால் நல்லது. அங்கும் சொல் ஆணிலிருந்து புறப்பட்டு எல்லோரையும் குறிக்க வந்திருக்கிறது.

ஆக, உளவியல் நூலில் ஆளுமை என்று வாசிக்கும்போது ஆளுநரை விட்டுவிட்டு ஆட்பதிவை நினைக்க வேண்டும். ஆள்பவரின் தன்மை அல்ல, ஓர் ஆளை அந்த ஆளாக வைத்திருக்கும் தன்மை.

ஆளுமைக்கு ஈடான "பெர்சனாலிட்டி" என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன் "பெர்சோனா", நாடக முகமூடி. "வழியாக ஒலித்தல்" என்று அதைப் பிரித்துக் காட்டும் விளக்கம் பல குறிப்புகளில் இருக்கிறது. உயிரெழுத்தின் நீட்டம் ஒத்துவராததால் சொல்லாய்வாளர்கள் அதை ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். பண்டைய இத்தாலியின் எத்ருஸ்கான் மொழியில் உள்ள "பெர்சு" என்பதோடு இணைப்பவர்களே அதிகம். உளவியலாளர் யுங் பெர்சோனா என்று எழுதும் இடங்களில் மட்டும் ஆளுமை என்று மொழிபெயர்க்கக் கூடாது. அவர் சொல்வது சமூகத்துக்கு முன் நாம் அணியும் வெளிமுகத்தை.

வரைவிலக்கணத்துக்கு இன்றும் எடுத்துக்கொள்ளப்படுபவர் அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட். 1937இல் அவர் தந்ததைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: ஒருவர் தன் சூழலுக்குத் தனக்கே உரிய முறையில் பொருந்திக்கொள்வதைத் தீர்மானிக்கும் உள, உடல் ஒழுங்குகள் அவருக்குள் இயங்கிக்கொண்டே இருக்கும் அமைப்பு. பரீட்சையில் எழுதும்போது "இயங்கிக்கொண்டே", "அவருக்குள்" என்ற இரண்டையும் விடக் கூடாது. முதலாவது போனால் ஆளுமை உறைந்த பொருளாகிவிடும். இரண்டாவது போனால் பிறர் நம்மைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயமாகிவிடும்.

அதற்கு முந்திய ஆண்டில் ஆல்போர்ட்டும் அவரோடு ஆய்வு செய்த ஒட்பெர்ட்டும் வெப்ஸ்டர் அகராதியிலிருந்து மனிதரை வேறுபடுத்திக் காட்டும் 17,953 சொற்களைத் திரட்டினார்கள். அவற்றுள் நிலையான பண்புகளைக் குறிப்பவை ஏறத்தாழ 4,500. மதிப்புக்குரியவர், அற்பமானவர் என்பது போன்ற தீர்ப்புச் சொற்களைத் தனி நிரலில் ஒதுக்கிவிட்டார்கள். இந்த ஒதுக்கல் மிக முக்கியமானது. நல்லது, கெட்டது என்று ஆளுமையை மதிப்பிடத் தொடங்கினால் நாம் பேசுவது குணவொழுக்கம் பற்றி. பிறவியோடு வரும் உணர்ச்சி வேகம், எளிதில் அழுவது, எதற்கும் அசையாதிருப்பது எல்லாம் சுபாவம். அது ஆளுமைக்கு மூலப்பொருள், ஆளுமை முழுவதும் அல்ல.

பண்புக்கூறு என்பதையும் வகை என்பதையும் பிரித்துவைக்க வேண்டும். "அவர் அகமுகி (தனக்குள் ஒதுங்குபவர்), இவர் புறமுகி (பிறரோடு கலந்து பழகுபவர்)" என்பது வகைப் பேச்சு. இன்று அதிகம் பயன்படும் ஐந்து பெருங்கூறுகளில் புறமுகத் தன்மை ஓர் அளவுகோல், பெரும்பாலானோர் அதன் நடுப்பகுதியில்தான் நிற்கிறார்கள். மற்ற நான்கும் புதியதற்கான மனத்திறப்பு, பொறுப்புணர்வு, இணங்கும் தன்மை, உணர்ச்சித் தளம்பல். கடைசியானதைச் சிலர் "நரம்புத் தளர்ச்சி" என்று எழுதுகிறார்கள். அது நோயின் பெயராக ஒலிக்கிறது. அளவிடப்படுவதோ கவலையும் எரிச்சலும் எவ்வளவு விரைவில் எழுகின்றன என்பது.

ஆளுமையை அளக்கும் வினாக்கொத்தைத் தமிழாக்கும்போதுதான் சொல்லின் கனம் தெரியும். ஐந்து புள்ளி அளவுத்திட்டத்தில் அளக்கும் பண்புக்கு எதிர்மாறாக அமைந்த கூற்றுகளுக்கு 6இலிருந்து விடையைக் கழித்துப் புள்ளி இட வேண்டும். 2 என்றால் 4. "நான் அறிமுகமற்றவர்களுடன் பேசாமல் இருப்பதில்லை" என்று கூற்றை எழுதி, பக்கத்தில் "உடன்படவில்லை" என்று தெரிவு கொடுத்தால், பதிலளிப்பவர் மூன்று மறுப்புகளை அவிழ்க்க வேண்டும். பலர் தவறான கட்டத்தில் அடையாளமிடுவார்கள், கூற்றுகளின் உள்ளிசைவு, அதாவது அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவது, குலையும். "அறிமுகமற்றவர்களுடன் இருக்கும்போது அமைதியாக இருப்பேன்" என்று உடன்பாட்டில் எழுதி, புள்ளியை மாற்றிக்கொள்வதே சரி. மூலத்தைப் பார்க்காத இன்னொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்த பிறகே வினாக்கொத்தைக் கொடுக்கத் தொடங்கலாம்.

இனி விருத்தி. இலங்கையின் கல்விப் பாடங்களில் உயரமும் நிறையும் கூடுவது வளர்ச்சி. திறனிலும் செயற்பாட்டிலும் பண்பு ரீதியாக ஏற்படும் மாற்றம் விருத்தி. தமிழ்நாட்டு நூல்கள் இரண்டாவதையும் பெரும்பாலும் வளர்ச்சி என்றே சொல்லும். அங்கிருந்து வரும் நூலைப் படித்துவிட்டு இங்கே விடை எழுதுபவர்கள் சறுக்கும் இடம் இது. உளவியலாளர் எரிக்சனின் எட்டுப் படிநிலைகள் உளசமூக விருத்தியைச் சேர்ந்தவை. ஐந்தாவது படிநிலை கட்டிளமைப் பருவத்துக்கு உரியது, அடையாளம் ஒரு பக்கம், வகிபாகக் குழப்பம் மறு பக்கம். இங்கே "விருத்தி" என்பதால் ஆளுமை கூடிவிடுவதில்லை. அது உருவாகிறது, மாறுகிறது, அவ்வளவுதான்.

ஈகோவுக்கும் இதே கதி. "அவருக்கு ஈகோ கூட" என்றால் நம் பேச்சில் செருக்கு. உளப்பகுப்பாய்வை நிறுவிய பிராய்ட் 1923இல் எழுதியபோது ஜெர்மன் மொழியில் அது வெறும் "நான்"; அதை "ஈகோ" என்று லத்தீனாக்கியவர்கள் ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள். உந்துதலுக்கும் மனச்சாட்சிக்கும் வெளி உலகுக்கும் இடையில் சமரசம் செய்வது அதன் வேலை. எனவே பிராய்டின் கணக்கில் வலுவான ஈகோ நலமான ஈகோ.

ஆளுமைக் கோளாறு என்பதை "ஆளுமைக் குறைபாடு" என்று எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். குறைபாடு என்றால் ஆளுமையின் அளவு போதாது என்றாகிவிடும். 2013இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பு இத்தகைய கோளாறுகள் பத்தை மூன்று கொத்துகளாகத் தருகிறது. நீண்டகாலமாக, பல சூழல்களிலும் வளைந்துகொடுக்காமல் தொடர்ந்து, வாழ்க்கையைப் பாதிக்கும் கோலமாக இருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். 18 வயதுக்குக் குறைந்தவரில் குறிகள் ஓராண்டாவது நீடித்திருக்க வேண்டும். சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்பதை அந்த வயதினருக்குச் சூட்டவே முடியாது. வகுப்பில் அடங்காத ஒரு பிள்ளையின் அறிக்கையில் ஆசிரியர் இச்சொல்லை எழுதுவது பிழை. என்ன நடந்தது, எத்தனை தடவை, எந்தச் சூழலில் என்று எழுதினால் உளவளத்துணையாளருக்கு அது உதவும்.