வார்க்கப்பட்டவர் பவுல், நீங்கள் வார்க்கத் தேடுவது யாரை?

காய்ச்சலோடு ஞாயிறு பள்ளி நடத்துகிற சகோதரியிடம், சம்பள பாக்கியைக் கேட்ட உதவி ஊழியரிடம், கணவனிடம் அடிவாங்கி வந்த பெண்ணிடம் சொல்லப்படுவது ஒன்றேதான்: "பவுலே வார்க்கப்பட்டாரே, சந்தோஷமாகச் சகித்துக்கொள்ளுங்கள்." ஆலோசனைக்கு வருகிறவர்கள் பிலிப்பியர் 2:17-ஐ, அதாவது உங்கள் விசுவாசமாகிய பலியின்மேல் நான் வார்க்கப்பட்டாலும் சந்தோஷப்படுவேன் என்று பவுல் எழுதிய வசனத்தை, தங்களுக்கு விதித்த தண்டனைபோல் ஒப்பிக்கிறார்கள். இந்தப் பழக்கம் நிற்க வேண்டும்.

அந்த வசனத்தில் வார்க்கப்படுகிறவர் கடிதத்தை எழுதுகிறவர். சிறையில், சாவா வாழ்வா என்று தெரியாமல், தன் உயிரைப் பற்றிச் சொல்கிறார். வார்ப்பது என்பது பானபலி, பலியோடு சேர்த்து ஊற்றும் திராட்சரசம். அதன் அளவுகள் எண்ணாகமம் 15-இல் இருக்கின்றன: ஆட்டுக்குட்டிக்குக் காற்படி திராட்சரசம், ஆட்டுக்கடாவுக்குப் படியில் மூன்றில் ஒரு பங்கு, காளைக்கு அரைப்படி. பலிதான் பிரதானம், ரசம் அதோடு சேர்வது. பவுல் பிலிப்பியரின் விசுவாசத்தைப் பலியின் இடத்தில் வைத்து, ரசத்தின் இடத்தைத் தனக்கு எடுத்துக்கொள்கிறார். போதகர் தன்னைச் சிறிதாக்கிக்கொண்ட இடம் அது. அதைக் காட்டி எளியவரை ஊற்றச் சொல்வது வசனத்தையே தலைகீழாக்குவது.

சந்தோஷம் என்றால் வலியை மறைத்துச் சிரிப்பது என்ற எண்ணம்தான் அதிகக் கேடு செய்கிறது. 2:17-ஐப் படிப்பவர்கள் 25 முதல் 30 வரை ஏன் போவதில்லை? பிலிப்பி சபையின் உதவியைப் பவுலுக்குக் கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து சாகும் அளவுக்கு நோயுற்றார். பவுல் அதை மறைக்கவில்லை. அவர் இறந்திருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் என்று வெளிப்படையாக எழுதுகிறார். "இன்னும் கொஞ்சம் தியாகம் செய்" என்று அவரைப் பிடித்து வைக்கவுமில்லை; ஊருக்கு அனுப்பிவிட்டு, சந்தோஷமாய் ஏற்றுக்கொள்ளுங்கள், கனம்பண்ணுங்கள் என்கிறார். நீங்களும் என்னோடேகூடச் சந்தோஷப்படுங்கள் என்று 2:18-இல் கேட்ட கூட்டுச் சந்தோஷம் நடைமுறையில் இப்படித்தான் இருந்தது. இதே பவுல் ஆசியாவில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதை 2 கொரிந்தியர் 1:8-இல் சொல்லியிருக்கிறார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

பணத்திலும் இதே ஒழுங்குதான். மக்கெதோனியச் சபைகள் கொடிய தரித்திரத்திலும் தாங்களாகவே கொடுத்தன. ஆனாலும் 2 கொரிந்தியர் 8:12-14 தெளிவானது: உள்ளதற்குத் தக்கதாகக் கொடு, இல்லாததற்கு அல்ல, மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாகும்படி அல்ல, சமநிலை உண்டாகும்படி.

முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமிலிருந்து கொரிந்துக்குப் போன, கிளமெந்தின் பெயரால் வழங்கும் கடிதத்தையும் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். தங்களையே அடிமைகளாக விற்று, அந்த விலையில் பிறருக்கு உணவளித்தவர்கள் 55-ஆம் அதிகாரத்தில் வருகிறார்கள். அவர்கள் விற்றது தங்களை, பிறரை அல்ல. 54-ஐயும் சேர்த்துப் படியுங்கள்: என்னால் கலகம் என்றால் நானே விலகிப்போகிறேன் என்று சொல்லும் பெருந்தன்மை உங்களில் யாருக்கு உண்டு என்று அது கேட்கிறது. பிரிவினைக்குக் காரணமானவர்களிடம் கேட்கப்பட்ட தியாகம் அது.

போதகர்களே, இந்த வசனத்தை எடுக்குமுன் ஊற்றப்படுவது உங்கள் நேரமா, உங்கள் பணமா, உங்கள் பெயரா என்று பாருங்கள். இல்லையென்றால் எடுக்காதீர்கள். நோயுற்ற ஊழியருக்கு விடுப்பும் மருத்துவச் செலவும் கொடுங்கள், பாக்கிச் சம்பளத்தைத் தீர்த்துவிடுங்கள். அடிவாங்குகிற பெண்ணை, கணவனை உட்கார வைத்துக்கொண்டு சமாதானம் பேசி அனுப்பாதீர்கள், தயவுசெய்து. முதலில் பாதுகாப்பான இடம், பிறகு மருத்துவர். இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண் 181. அவரோடு கூட உட்கார்ந்து அழைத்துக் கொடுங்கள்.