எரிதமா, குப்பையா?

மின்னஞ்சல் சர்வர் மேலாண்மைக் கையேடு ஒன்றின் தமிழாக்கத்தைச் சரிபார்க்கச் சொன்னார்கள். திருப்பிய பக்கமெல்லாம் ‘எரித நீக்கி’. ஸ்பேம் ஃபில்டராம்; ஸ்பேம்தான் எரிதம். ஒரு கட்டத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

ஸ்பேம் என்பது 1937-இல் அமெரிக்காவின் ஹார்மெல் நிறுவனம் கொண்டுவந்த டப்பா இறைச்சி. 1970-இல் மான்ட்டி பைத்தான் குழுவினரின் தொலைக்காட்சி நகைச்சுவை ஒன்றில், உணவகத்தில் எதைக் கேட்டாலும் ஸ்பேம்தான். யாராவது பேச வாயெடுத்தால் ‘ஸ்பேம், ஸ்பேம்’ என்று பாடியே அமுக்கிவிடுவார்கள். கேட்காமல் வந்து குவியும் அஞ்சலுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

எரிதத்துக்கு வருவோம். எரிச்சலை நினைத்துக்கொண்டால் பொருள் ஓரளவு பிடிபடும். ஆனால் எரிபொருள், எரிவாயு, எரிமலை என்று பழகிய காதில் முதலில் விழுவது தீ. குப்பை அஞ்சல் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘கொச்சையாக இருக்கிறதே’ என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று: குப்பைக்குக் குவியல் என்றும் பொருள் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்றே ஓர் ஊர் இருக்கிறது. கேட்காமல் குவிவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

அப்புறம் அந்த ‘நீக்கி’. என் பெரிய சண்டையே அதோடுதான். ஸ்பேமைக் கண்டுபிடிக்கும் மென்பொருளான ஸ்பேம்அசாசின் எதையும் நீக்குவதில்லை. ஒவ்வொரு அஞ்சலையும் பல சோதனைகளுக்கு உட்படுத்தி மதிப்பெண் போடுகிறது. 5-ஐ எட்டினால், அதன் தலைப்பகுதியில் குப்பை என்று குறித்துவிடுகிறது. நாம் மாற்றாதவரை அந்த 5-தான் எல்லைக்கோடு. குறித்த அஞ்சலை என்ன செய்வது என்பது சர்வரை நடத்துகிறவர் முடிவு. வைரஸைப் பிடிக்கிற கிளாம்ஏவி வேறு ஆள். தெரிந்த வைரஸ்களின் அடையாளங்களோடு, அஞ்சலோடு வரும் இணைப்புக் கோப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும். (வைரஸ் லத்தீனில் நஞ்சைக் குறித்த சொல். ஆகவே ‘நச்சுநிரல்’ எனக்குச் சம்மதமே.) மதிப்பெண் போடுவது, அடையாளம் பார்ப்பது, ஒதுக்கிவைப்பது என்ற மூன்று வேலைகளையும் மொழிபெயர்ப்பாளர் ஒரே ‘நீக்கி’க்குள் திணித்துவிட்டார். மென்பொருளை ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் அந்தச் சொல் வந்திருக்காது. அகராதியை மட்டும் ஓட்டினால் இப்படித்தான். திரையில் அதைப் பார்த்த வாடிக்கையாளர் ஒருவர், “டெண்டர் மெயில் அழிஞ்சே போச்சா சார்?” என்று பதறினார். அஞ்சல் ஒதுக்கிய பெட்டியில் பத்திரமாக இருந்தது.

வடிகட்டி போதும். சக்கையை நிறுத்திவிட்டுத் தேநீரைக் கீழே விடுகிற அதே வேலைதான். நன்னூல், கடை மாணாக்கனுக்கு நெய் வடிகட்டும் நெய்யரியை உவமை சொல்கிறது: நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துவைத்துக்கொள்வான். சர்வருக்கு வேண்டியதோ அந்தக் கடை மாணாக்கன்தான்!

கையேட்டில் ‘குப்பை அஞ்சல் வடிகட்டி’, ‘நச்சுநிரல் சோதனை’, ‘ஒதுக்கிய அஞ்சல்’ என்று மூன்றாகப் பிரித்துத் திருத்தி அனுப்பினேன். முதலிரண்டை ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவது ‘எரிதத் தனிமைப்படுத்துகை’ ஆகித் திரும்பி வந்திருக்கிறது.