கத்தியில் பூ வரைகிறவர்களுக்கு: அந்த மஞ்சள் தண்ணீரைக் கவனியுங்கள்

பட்டறையில் கையால் அடித்த கத்திகளில் பூவும் கொடியும் வரைவதுதான் என் பிழைப்பு. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்த கத்தி, அதன் மேல் ஒரு மயில். "செதுக்கினதா?" என்று வாங்குகிறவர்கள் கேட்பார்கள். இல்லை, அரித்தது. அலகு முழுக்க நெயில் பாலிஷ் பூசி, ஊசியால் படத்தைக் கீறி, ஃபெரிக் குளோரைடில் முக்கினால் கீறின இடத்தை மட்டும் அது தின்னும். சர்க்யூட் போர்டு செய்கிறவர்கள் வாங்கும் அதே பழுப்புச் சரக்குதான். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் போர்க்கவசங்களை இப்படி அரித்து அலங்கரித்த டேனியல் ஹாப்ஃபர், 1500 வாக்கில் அதே வித்தையால் தகட்டிலிருந்து காகிதத்தில் படம் அச்சிட்டார். கவசத்துக்கு அப்புறம்தான் காகிதம்.

ஃபெரிக் குளோரைடு முரட்டுப் பிள்ளை, ஆனால் தன் ஆபத்தை ஒளிக்காது. தூளாக வாங்கினால் தண்ணீரில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தூள் மேல் தண்ணீரை ஊற்றினால் சூடேறிப் புகையும். முதல் வருஷம் நான் அலுமினியத் தட்டில் ஊற்றினேன். நுரைத்துக்கொண்டு அடித்தட்டையே தின்றுவிட்டது. மொசைக் தரையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

எனக்குப் பயம் உப்புத் தண்ணீர் மேல்தான். "ஆசிட் எதற்கு சார், ஒன்பது வோல்ட் பேட்டரியும் உப்பும் போதுமே" என்கிறார்கள் கற்க வருகிறவர்கள். நிஜம்தான். பாசிட்டிவைக் கத்தியிலும் நெகட்டிவை உப்புநீரில் நனைத்த பஞ்சுக் குச்சியிலும் கொடுத்தால் அழகாக அரிக்கும். லாரிப் பட்டைக் கத்தி என்றால் எனக்கும் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆனால் எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் உண்டு. அது கரைந்து பஞ்சு மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். புற்றுநோய் வரவைக்கும் ஆறு இணைதிறன் குரோமியமும் அதில் இருக்கலாம். கொஞ்சம் குளோரின் வாடையும் வரும். கையுறை, திறந்த ஜன்னல், மின்விசிறி மூன்றும் இல்லாமல் நான் தொடமாட்டேன். கழிவைச் சாக்கடையில் ஊற்றுவதில்லை. மூடி போட்ட கேனில் சேர்த்து, அபாயக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவர்களிடம் கொடுக்கிறேன்.

போன மாதம் ஒரு பையன் அம்மாவின் எவர்சில்வர் கத்தியில் வேப்பங்கொத்து வரைந்து எடுத்துவந்தான். என்னைவிடச் சுத்தமான கோடு. பஞ்சுக் குச்சிகளை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"சமையல் மேடையிலேயே இருக்கு சார்."